பார்த்தால் ஒரே வெற்றிடம்

பண்ருட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறேன். இப்போது அறையின் ஒரு பக்கம் கம்ப்யூட்டர்கள். டைப்ரைட்டிங் தேர்வில் 'ஸ்டேட்மென்ட்' என்று ஒன்று உண்டு. கட்டங்கள் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும். பயிற்சிக்கு எங்கள் ஊர் முந்திரிக் கணக்கையே கொடுப்பேன்: டபிள்யூ 180, 240, 320 என ரகம் (ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு என்பதே அந்த எண்), எடை, விலை. தேவையான இடங்களில் டேப் ஸ்டாப் வைத்துவிட்டால், விசையைத் தட்டியதும் கேரேஜ் ஓடிப்போய் அங்கே நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியும் அதே இடத்துக்குப் போகலாம். எப்படி வந்தாய் என்று தாள் கேட்காது.

கம்ப்யூட்டர் கேட்கும். டேப் அதில் தனி எழுத்து; ஆஸ்கி முறையில் எண் 9. ஸ்பேஸுக்கு 32. ஒரு டேப்பை எவ்வளவு அகலமாகக் காட்டுவது என்பது எடிட்டரின் இஷ்டம்: ஒன்றில் 8 இடம், இன்னொன்றில் 4.

பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் படிக்கும்வரை பிள்ளைகளுக்கு இந்த வம்பு கிடையாது. எது எதற்குள் அடங்கும் என்பதை அங்கே நெளிவு அடைப்புக்குறி சொல்லிவிடும். பிளஸ் டூவில் 2019 முதல் பைத்தான். அதில் வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதுதான் கணக்கு. வீட்டில் நோட்பேடில் டேப் அடித்து எழுதுவார்கள். இங்கே வந்து, டேப்பைத் தட்டினாலும் ஸ்பேஸாகப் போடும் எடிட்டரில் தொடர்வார்கள். ஒரு வரிக்கு டேப், அடுத்ததற்கு எட்டு ஸ்பேஸ். திரையில் இரண்டும் நேராகத்தான் நிற்கும். பைத்தான் 3 மட்டும் 'டேப் எரர்' என்று நின்றுவிடும். பைத்தான் 2 டேப்பை எட்டாக எண்ணிக்கொண்டு பேசாமல் ஓட்டியது. அதுதான் பெரிய ஆபத்து: டேப்பை 4 இடமாகக் காட்டும் எடிட்டரில் எழுதியிருந்தால், தப்பான இடத்தில் அடங்கிய வரியும் சேர்ந்து ஓடும்.

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் முதலானோர் 2001-இல் எழுதிய நடை விதிகள் 4 ஸ்பேஸ் என்கின்றன. லினக்ஸ் கெர்னல்காரர்களோ டேப்தான், அதுவும் 8 அகலத்தில். என் மனசு டேப் பக்கம். பார்வை மங்கியவர் தன் திரையில் மட்டும் அகலத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமே! ஆனாலும் பிள்ளைகளுக்கு ஸ்பேஸ்தான் சொல்லித்தருகிறேன். பைத்தானில் பிறர் எழுதியது பெரும்பாலும் அப்படித்தான் கைக்கு வருகிறது.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் மறைந்த எழுத்துகளைக் காட்டச் சொன்னால் டேப் அம்பாகவும் ஸ்பேஸ் புள்ளியாகவும் தெரியும். டேப்பையெல்லாம் ஸ்பேஸாக்கும் கட்டளையும் அதிலேயே இருக்கிறது. புரோகிராமை உருவாக்கும் படிகளை 'மேக்' என்ற கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலில் மட்டும் அதைத் தொடக்கூடாது. அங்கே கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும். 1976-இல் பெல் லேப்ஸில் 'மேக்' எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இந்த விதியைப் பிறகு மாற்ற நினைத்தாராம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்; அவர்களுக்குத் தொல்லை வேண்டாமென்று விட்டுவிட்டார்.