கரியிழையின் ஆயுள்

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்கு வருவோர் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தச் சேலை எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்பதே அது. இன்று சைக்கிள் கடைகளிலும் இதே கேள்வி எழுகிறது. கார்பன் இழையால் ஆன சட்டமும், முன்கவையும், ஹாண்டில் பாரும் நம் நாட்டுச் சாலைகளில் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றின் விலையோ பெரிது, எடையோ சிறிது. ஆயுள் எவ்வளவு? இதை நான் நெசவாளர் மொழியிலேயே விளக்க முற்படுகிறேன். ஏனெனில் இதுவும் இழையின் கதைதான்.

கார்பன் இழை என்பது யாது? 'அக்ரிலிக்' வகையைச் சேர்ந்த ஒரு செயற்கை நூலை முதலில் காற்றில் இருநூறு முதல் முந்நூறு டிகிரி வரை சூடேற்றிப் பதப்படுத்துவர். பின்பு காற்றுப் புகாதவாறு நைட்ரஜன் சூழலில் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சுவர். மற்றப் பொருள்களெல்லாம் நீங்கிக் கரி மட்டும் நூலின் வடிவிலேயே எஞ்சும். ஜப்பானியரான அகியோ ஷிண்டோ 1961-ஆம் ஆண்டையொட்டி இவ்வழியைக் கண்டார். இழையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு அளவே. பட்டுப் புழு நூற்கும் இழையைவிட இது மெல்லியது.

இவ்விழை தனியே நின்று பயன்படாது. எப்பாக்ஸி என்னும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் பதித்து, சூட்டில் இறுக வைத்தால்தான் அது குழாயாகவும் கவையாகவும் உருப்பெறும். இதிலும் இயற்கை நமக்கு முன்னோடியாக இருக்கிறது. பட்டுப் புழுவின் இழை உண்மையில் இரண்டு இழைகள். அவற்றைச் 'செரிசின்' என்னும் பசை ஒட்டி வைத்திருக்கிறது. பட்டுக்கூடு கடினமாக இருப்பதற்கு அந்தப் பசையே காரணம். காஞ்சி நெசவுக்குப் போகும் பட்டிலிருந்து அப்பசையைக் காய்ச்சி நீக்குகிறோம். பட்டு மென்மை பெறுகிறது. சைக்கிள் செய்வோர் இழையோடு பசையைச் சேர்க்கிறார்கள். அது விறைப்புப் பெறுகிறது. வேலை நேர்மாறானது, தத்துவம் ஒன்றே.

நூலின் வலிமை அதன் நீளவாக்கில்தான் உண்டு. ஆகையால் நாம் பாவையும் ஊடையையும் குறுக்கிட வைக்கிறோம். கார்பன் தொழிலிலும் ஓர் அடுக்கை நேராகவும், மற்றொன்றைக் குறுக்காகவும், வேறொன்றைச் சாய்வாகவும் வைப்பர். எந்தப் பக்கம் பாரம் வருமென்று முன்கூட்டி எண்ணி, அந்தப் பக்கத்துக்கு இழையை ஏற்றுவர். எண்ணாத பக்கத்திலிருந்து அடி விழுமானால், அங்கே அதன் வலிமை குறைவே. இச்செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். ஆயுளின் இரகசியம் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

இனி உலோகத்தைப் பாருங்கள். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அது ஒடிந்துவிடும். இதனை உலோகத்தின் களைப்பு என்பர். அலுமினியத்தில் சிறு பாரமும் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப வந்தால் களைப்புச் சேர்ந்துகொண்டே போகும். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் பாரம் இருந்தால் அது நெடுங்காலம் தாங்கும். 1949-இல் அம்பத்தூரில் தோன்றிய சைக்கிள் தொழிலின் எஃகு வண்டிகள், தந்தைக்குப் பின் மகன் ஓட்டும் அளவுக்கு உழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கார்பன் இழை, தனக்கு வகுத்த பாரத்துக்குள் இருக்கும்வரை, மிகக் குறைவாகவே களைப்படைகிறது. துருப்பிடிப்பதும் இல்லை.

ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் உலகத் தரவிதி, சட்டத்தின் பெடல் அச்சில் நூறு கிலோ எடைக்கு ஒப்பான விசையை ஒரு லட்சம் முறை மாறி மாறிச் செலுத்திச் சோதிக்கச் சொல்கிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பவர் ஏறத்தாழ இருபத்தெட்டு மணி நேரத்தில் ஒரு லட்சம் சுற்றை எட்டிவிடுவாரே என்று ஐயுற வேண்டா. சமதரையில் நாம் மிதிக்கும் விசை அதில் சிறு பங்கே.

அப்படியானால் கார்பன் உறுப்புக்கு அழிவே இல்லையா? உண்டு. அது முதுமையால் வருவதைவிடக் காயத்தால் வருவதே மிகுதி. எஃகுக் குழாய் அடிபட்டால் நசுங்கும்; வளையும்; "என்னைப் பார்" என்று சொல்லும். கார்பன் குழாய் அடிபட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்துபோகும். மேலே பூச்சு பளபளப்பாகவே இருக்கும். பிறகொரு நாள், வேகத்தடையின்மீதோ பள்ளத்திலோ ஏறி இறங்கும்போது, முன்னறிவிப்பின்றி முறியலாம். பட்டுச் சேலை கிழிந்தால் பொருள் நட்டம். முன்கவை முறிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால்தான் இதனை விரிவாகச் சொல்கிறேன்.

காயம் வரும் வழிகள் நான்கு. முதலாவது, கீழே விழுதலும் மோதுதலும். இரண்டாவது, இணைப்பு. காஞ்சிச் சேலையின் பெருமை உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையில் இருப்பதுபோல, சைக்கிளின் பாதுகாப்பும் இணைப்பிலேதான் இருக்கிறது. ஹாண்டில் பாரையும் இருக்கைத் தண்டையும் பற்றும் உலோகப் பிடியை அளவுக்கு மீறி முறுக்கினால், கார்பன் குழாய் நெரிந்துவிடும். இவ்விடங்களுக்குப் பொதுவாக ஐந்து நியூட்டன் மீட்டர் அளவிலேயே முறுக்கச் சொல்வர். சரியான எண் அந்தந்த உறுப்பின்மீது அச்சிடப்பட்டிருக்கும். கைப்பழக்கத்தை நம்பாமல், முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரைக் கொண்டு முடுக்குவதே முறை.

மூன்றாவது, சூடு. இழை சூட்டுக்கு அஞ்சாது, பிசின் அஞ்சும். நம் ஊர் வெயில் அதை இளக்கிவிடாது. ஆனால் பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பையே பற்றும் வகையாயின், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து வந்தால், கார்பன் விளிம்பு சூடேறி அடுக்குப் பிரியக்கூடும். விட்டு விட்டுப் பிடிப்பதே நலம். வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினை மெல்ல அரிக்கும். மேற்பூச்சு அதைத் தடுக்கிறது. பூச்சு உரிந்த இடத்தை அப்படியே விடலாகாது.

நான்காவது, வியர்வையும் உப்புக் காற்றும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால், ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. அரிபடுவது அலுமினியம், வெண்பொடி பூத்து, இருக்கைத் தண்டு சட்டத்தோடு இறுகிப்போகும். கடற்கரைச் சாலையில் ஓட்டுவோர் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் கழற்றித் துடைத்து, கார்பனுக்கென்று உள்ள பசையைத் தடவிப் பூட்ட வேண்டும்.

காயத்தைக் கண்டறிவது எப்படி? மண்பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'கணீர்' என்னும். அடுக்குப் பிரிந்த இடம் 'பொத்' என்னும். குழாய் தடித்த இடங்களிலும் இணைப்புகளிலும் இயல்பாகவே ஒலி மாறும். எனவே இச்சோதனை ஐயத்தை எழுப்புமே அன்றித் தீர்ப்பு வழங்காது. ஐயம் எழுந்தால் புறஒலிக் கருவி கொண்டு ஆராய்வோரிடம் காட்ட வேண்டும். சட்டத்தில் உள்ள காயத்தை, கெட்ட பகுதியைச் சாய்வாக இழைத்தெடுத்து, புதிய அடுக்கிட்டுச் செப்பனிடுவோர் உண்டு. ஆனால் முன்கவையும் ஹாண்டில் பாரும் பலத்த அடி பட்டிருந்தால், ஆராய்ச்சியில் இறங்காமல் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

பழைய கார்பன் வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு ஒரு சொல். அதன் வயதைக் கேட்பதோடு நில்லாதீர்கள், வரலாற்றையும் கேளுங்கள். எத்தனை முறை விழுந்தது? ஏன் புதுப் பூச்சு அடித்தார்கள்? நேரான விடை கிடைக்காவிட்டால், சோதித்துப் பாராமல் அதில் ஏறாதீர்கள்.

ஒரு குறையையும் கூறாமல் விடலாகாது. பட்டுச் சேலை நைந்த பின்னும், நல்ல ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அதற்காகவே பழஞ்சேலை வாங்குவோர் உளர். முறிந்த எஃகை உருக்கி வார்க்கலாம். இறுகிய கார்பன் உறுப்பையோ உருக்க முடியாது. காற்றில்லாச் சூட்டில் பிசினைச் சிதைத்து இழையை மீட்கும் முறை உண்டு. கிடைப்பது பெரும்பாலும் துண்டு இழைகளே. ஆதலால் வாங்கிய உறுப்பை நீண்ட நாள் காப்பது பணத்துக்கு மட்டுமன்றி மண்ணுக்கும் செய்யும் நன்மையாகும்.

ஒரே தறியில் நெய்த இரண்டு சேலைகளில் ஒன்று பேத்தியின் திருமணம்வரை வருகிறது. மற்றொன்று மடிப்பு மாற்றாமல் பெட்டியில் கிடந்து, மடித்த இடத்திலேயே ஜரிகை முறிகிறது. கரியிழைக்கும் இதுவே நியதி. அதன் ஆயுளை ஆண்டுக் கணக்கில் சொல்ல இயலாது. அது பட்ட பாட்டின் கணக்கில்தான் சொல்ல இயலும். அந்தக் கணக்கை எழுதி வைப்பவர் அதனைச் செய்தவர் அல்லர், ஓட்டுபவரே.