பூட்டிய செய்தியும் அனுப்பியவரின் அடையாளமும்

மீள்குடியேற்றக் காலத்தில் அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் அனுப்ப வேண்டிவரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆவணங்களைக் கடலுக்குப் பறிகொடுத்த கல்முனைக் கரையோரக் குடும்பங்களுக்கு அவற்றின் பெறுமதி நன்கு தெரியும். தொலைந்த கடதாசிக்குப் பிரதி எடுக்கலாம். பிழையான கைக்குப் போன படத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

மறைகுறியாக்கம் என்றால் என்ன?

செய்தி அனுப்புபவரின் தொலைபேசியிலேயே பூட்டப்படுகிறது. பெறுபவரின் தொலைபேசியில் மட்டுமே திறக்கிறது. அதைக் கொண்டுசெல்லும் நிறுவனத்தாலும் வாசிக்க முடியாது. சிக்னல் செயலியின் இம்முறையை வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தனது எல்லாப் பாவனையாளர்களுக்கும் வழங்கியது. சாதாரண எஸ்எம்எஸ் குறுந்தகவலுக்கு இந்தப் பூட்டு இல்லை.

பூட்டு மட்டும் போதுமா?

போதாது. கட்டாரிலுள்ள மகனின் படத்தைப் போட்டு, "உம்மா, இது என்ட புது நம்பர், அவசரமா காசு போடுங்க" என்று எவரும் எழுதலாம். அந்தச் செய்தியும் பூட்டப்பட்டே வரும். எழுதியவர் யார் என்பதை நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. புதிய இலக்கத்திலிருந்து பணமோ ஆவணமோ கேட்டால், பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேளுங்கள்.

2. வாட்ஸ்அப்பில் அவரது பெயரைத் தொட்டு மறைகுறியாக்கப் பகுதிக்குச் சென்றால் 60 இலக்கங்கள் தெரியும். இருவரும் நேரில் சந்திக்கும்போது ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தொலைபேசியை மாற்றினால் இவையும் மாறும். அப்போது மீண்டும் ஒப்பிடுங்கள்.

3. குறுந்தகவலில் வரும் 6 இலக்கக் குறியீட்டை எவருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். "வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்க" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். எமது உத்தியோகத்தர்கள் அதைக் கேட்பதில்லை.

4. தொலைபேசிக்குத் திரைப்பூட்டுப் போடுங்கள். திறந்து கிடக்கும் தொலைபேசியை மறைகுறியாக்கம் காப்பாற்றாது.

5. முக்கிய தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நாட்டில் வாட்ஸ்அப் முடக்கப்பட்டபோது, சாதாரண அழைப்பே கைகொடுத்தது.

சந்தேகம் இருந்தால் எதையும் அனுப்பாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.