கசப்பு என்று பெயர் எழுதி விற்கும் பீர்

ஃபுல்லர்ஸ் ஈ.எஸ்.பி. என்ற ஆங்கிலேய பீரின் மூன்றெழுத்தை விரித்தால் ‘எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்’ என்று வரும். பிட்டர் என்றால் கசப்பு. தன் முகத்திலேயே கசப்பு என்று எழுதி ஒட்டிக்கொண்டு விலைபோகிற பண்டம் அதிகமில்லை. ஆனால் குடித்துப் பார்ப்பவருக்கு முதலில் தட்டுப்படுவது கசப்பு அல்ல, இனிப்பு. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது, கசப்பு எப்போது வருகிறது, வந்தது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பதுதான் இந்த பீரைச் சுவைப்பது. மற்றதெல்லாம் விவரம்.

முதலில் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மதுக்கடைகளில் ‘மைல்டு’ என்ற இளம் பீர் ஒருபுறம், ஹாப்ஸ் பூ தாராளமாகப் போட்ட வெளிர்நிற ஏல் மறுபுறம் என்று விற்றார்கள். இரண்டாவதைக் குடிகாரர்களே பிட்டர் என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த சாதுவான பீரோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. கசப்பு தூக்கலான அமெரிக்க ஐ.பி.ஏ. வகை பீர் குடித்துப் பழகிய நாக்குக்கு ஈ.எஸ்.பி.யின் கசப்பு ஒரு பொருட்டாகவே தெரியாது.

மேற்கு லண்டனில் தேம்ஸ் கரையோரம் சிஸ்விக் என்ற இடத்தில் இருக்கும் கிரிஃபின் ஆலையில்தான் இது காய்ச்சப்படுகிறது. ஃபுல்லர், ஸ்மித், டர்னர் என்ற மூவர் கூட்டு அங்கே உருவானது 1845இல். குளிர்காலத்துக்கென்று செய்து வந்த ஒரு கனத்த பீர், 1971இல் ஈ.எஸ்.பி. என்ற பெயரோடு ஆண்டு முழுக்கக் கிடைக்க ஆரம்பித்தது. பிரிட்டனின் சிறந்த பீர் என்ற பட்டத்தை 1978, 1981, 1985 என்று மூன்று முறை வாங்கியிருக்கிறது. அமெரிக்கர்கள் இதைப் பார்த்துத் தாங்களும் செய்து, ஈ.எஸ்.பி. என்பதை ஒரு பீர் வகையின் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். 2019இல் ஃபுல்லர்ஸின் பீர் தொழிலை ஜப்பானின் அசாஹி நிறுவனம் வாங்கியது.

இனிப்பின் கதை பார்லியில் தொடங்குகிறது. பார்லியை நனைத்து முளைவிடச் செய்து உலர்த்தினால் அது மால்ட். நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி நீரில் இறங்கும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் பீர். சிஸ்விக்கில் இதை ஒரு பழைய முறையில் செய்கிறார்கள். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிவோமே, அதே கணக்கு. ஒரே மால்ட்டில் முதலில் வடிவது கெட்டியான நீர், மேலே வெந்நீர் தெளித்து அடுத்து வடிப்பது நீர்த்தது. இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சி, வெவ்வேறு அளவில் கலந்தால், லண்டன் பிரைடு என்ற லேசான பீரும் அதைவிடக் கனத்த ஈ.எஸ்.பி.யும் ஒரே பாத்திரத்திலிருந்து பிறக்கின்றன. ஈ.எஸ்.பி.க்கு முதல் பால் அதிகம். அதனால்தான் அதில் டாஃபி மிட்டாயின் சாயலும் லேசாகக் கருகிய சர்க்கரையின் வாசனையும் நாக்கில் ஒட்டும் ஒரு திடமும். மால்ட்டில் ஒரு பகுதியை ‘கிரிஸ்டல்’ என்ற வறுத்த வகையாகப் போடுவதும் காரணம். செம்பு நிறம் வருவதும் அதனால்தான்.

கசப்பு ஹாப்ஸின் வேலை. ஹாப்ஸ் ஒரு படர்கொடி. கஞ்சாச் செடிக்குப் பங்காளி, ஆனால் போதை தராது. பெண் கொடியில் காய்க்கும் சிறு கூம்புகளுக்குள் மஞ்சள் பொடி ஒன்று இருக்கும், கசப்பும் மணமும் அதில்தான். இங்கே சமையல்காரருக்குப் புரிகிற ஒரு விஷயம் உண்டு. கசப்பு இறங்க வேண்டுமானால் ஹாப்ஸ் நீண்ட நேரம் கொதிக்க வேண்டும். மணம் நிற்க வேண்டுமானால் கொதிக்கவே கூடாது, எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. ஈ.எஸ்.பி.யில் டார்கெட், சாலஞ்சர், நார்த்டவுன், கோல்டிங்ஸ் என்று நான்கு ஆங்கிலேய ஹாப்ஸ் போகின்றன. இவற்றில் கென்ட் மாவட்டத்துப் பழைய வகையான கோல்டிங்ஸுக்கு ஒரு அடக்கமான மணம்: கொஞ்சம் மண், கொஞ்சம் தேன், கொஞ்சம் பூ. அமெரிக்க ஹாப்ஸ் மாதிரி மாம்பழமும் பம்ளிமாஸும் மூக்கில் வந்து மோதாது. இதைச் சிலர் மந்தம் என்கிறார்கள். எனக்கு இது மரியாதையாகத் தெரிகிறது.

இனிச் சுவைப்பது. பப்பில் மரப்பீப்பாயோ உலோகப் பீப்பாயோ, ‘காஸ்க்’ என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீர் கடைசியாகப் பக்குவமடைவது பப்பின் நிலவறையில்தான். கைப்பிடியை இழுத்து ஊற்றித் தருவார்கள். 11 முதல் 13 டிகிரி வரைதான் குளிர்ச்சி இருக்கும், வாயுவும் குறைவு. ஆங்கிலேயர் சூடான பீர் குடிக்கிறார்கள் என்ற கிண்டல் இதனால் வந்ததுதான். பனிக்கட்டி போலக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் மணமெல்லாம் மூடிக்கொள்ளும், கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நம்மூரில் ‘ஸ்ட்ராங்’ என்று விற்பவை பெரும்பாலும் லாகர் வகை; அவற்றைச் சில்லென்று குடிப்பதில் அர்த்தமிருக்கிறது. இங்கே இல்லை.

குடிக்கும் முன் முகர்ந்து பாருங்கள். ஆரஞ்சுப் பழத்தோல் மார்மலேட் வாசனை வரும். ஆரஞ்சு எதுவும் போடவில்லை. அந்த ஆலையின் ஈஸ்ட்டுக்கு அப்படியொரு கைமணம். அடியில் பிஸ்கட், டாஃபி.

ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் உருட்டுங்கள். முதலில் மால்ட்டின் இனிப்பு. நடுவில் பழம், கறுப்புத் தேநீரின் துவர்ப்பு. ஒயின் சுவைப்பவர்களைப் போலத் துப்பிவிட்டால் பாதிக் கதை போச்சு. விழுங்கிய பிறகு மூச்சு மூக்கு வழியாக வெளியேறும்போதுதான் மணம் முழுதாகத் தெரியும். கசப்பும் மெதுவாகக் கிளம்பி நிதானமாக ஏறும். (நாக்கின் பின்பக்கம் மட்டுமே கசப்பை அறியும் என்ற பழைய படம் தவறு, நாக்கு முழுவதும் எல்லாச் சுவையையும் அறியும்.) நல்ல ஈ.எஸ்.பி.யில் கசப்பு இனிப்பைத் துடைத்துவிட்டு, மிளகின் நினைவு போல ஒரு காரத்தோடு நின்று, சுத்தமாக விலகும். வாய் உலர்ந்து, அடுத்த வாய்க்குத் தயாராகிவிடும். கசப்பு அடிநாக்கில் மாத்திரை மாதிரி ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் அந்தப் பீப்பாய் சரியில்லை. புளிப்பு தட்டினால் திறந்து பல நாள் ஆகியிருக்கும். திறந்த காஸ்க் சுமார் மூன்று நாள்தான் தாங்கும். மாற்றித் தரச் சொல்லலாம், நல்ல பப்பில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பாட்டிலில் வருவது வேறு மாதிரி. வடிகட்டியது, வாயு கூடுதல், காஸ்க்கில் 5.5 சதவீதமாக இருக்கும் ஆல்கஹால் பாட்டிலில் 5.9. நேர்த்தியான பீர்தான், ஆனால் டாஃபி முன்னால் வந்து ஹாப்ஸைக் கொஞ்சம் ஒதுக்குகிறது. பாட்டில் பழுப்பாக இருப்பது அழகுக்கு அல்ல. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு துர்நாற்றம் வரும். கடையில் ஜன்னலோரம் வைத்திருப்பதை எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. 5.5 சதவீதத்தில் அதில் 31 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம்மூரில் ‘ஒரு லார்ஜ்’ என்று ஊற்றும் 60 மில்லி விஸ்கியில் இருப்பது சுமார் 26 மில்லிதான். மெதுவாகக் குடிக்கும் பானம் என்பதாலும் மென்மையாக இறங்குவதாலும் இந்தக் கணக்கு மறந்துபோகும். பப்பில் அரை பைண்டும் கொடுப்பார்கள், 284 மில்லி. ருசி பார்க்க வந்தவர் அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.