பாட்டு வழியே ஒரு யாத்திரை

குடும்பத்தோடு யாத்திரை செய்தலில் இருவகை இன்பம் உண்டு. காணாத இடங்களைக் காண்டல் ஒன்று. வீட்டில் ஒருவரோடொருவர் பேச நேரமின்றித் திரிவோர் ஒரே வண்டியில் அமர்ந்து அளவளாவுதல் மற்றொன்று. இவற்றோடு இசையும் சேருமாயின் சொல்ல வேண்டுவதில்லை. இம்மூன்றும் பொருந்திய சாலை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உண்டு. டென்னெசி மாகாணத்து நாஷ்வில் நகரின் அருகே தொடங்கி, அலபாமாவின் ஒரு மூலையைக் கடந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் ஊரில் முடியும் 444 மைல் நீளமுள்ள நாச்செஸ் டிரேஸ் என்பதே அது. அவ்வழியே ஒரு குடும்பம் பெறத்தக்க இன்பத்தையும், அவ்வின்பத்தின் அடியிற் கிடக்கும் துன்பத்தையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆதியில் இது அந்நாட்டுப் பழங்குடி மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை. பின்னர், படகில் சரக்கேற்றி ஆற்றோடு தெற்கே வந்து விற்றவர்கள், ஊர் திரும்ப இவ்வழியே வடக்கு நோக்கி நடந்தனர். நீராவிக் கப்பல் வந்தபின் பாதை பாழாயிற்று. சென்ற நூற்றாண்டில் அதனையொட்டி அரசாங்கத்தார் அமைக்கத் தொடங்கிய சாலை 2005-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. இதிற் சரக்கு லாரிகள் செல்லலாகாது. பெரும்பகுதியில் மணிக்கு 50 மைல் வேகத்துக்கு மேற்படவும் கூடாது. ஆதலின் சிறுவரை அழைத்துச் செல்வார்க்கு ஏற்றது.

புறப்படுமுன் நாஷ்வில்லில் காணவேண்டுவது பிஸ்க் கல்லூரி. அடிமைத்தளையினின்று விடுபட்டோர் கல்வி பெறுமாறு அமெரிக்க மிஷனெரி சங்கத்தார் 1866-இல் அதனைத் திறந்தனர். ஐந்தாண்டிற்குள் பொருள் முடை மிகுந்தது. பொக்கிஷதாரும் சங்கீத ஆசிரியருமாகிய ஜார்ஜ் ஒயிட் என்பவர், 1871 அக்டோபரில் ஒன்பது மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டார். தம் பெற்றோர் அடிமைகளாயிருந்து பாடிய ஞானப்பாட்டுகளை அந்நியர்முன் பாட அம்மாணவர் முதலிற் கூசினர். அவை பழைய இழிவை நினைவூட்டின. அன்றியும் அவை தம் வீட்டார்க்கே உரிய திருப்பொருள்களாகவும் தோன்றின. எனினும் பாடினர், கேட்டோர் உருகினர். தாமே வறியராயிருந்தும், தொடக்கத்திற் பெற்ற சிறு தொகையைச் சிக்காகோ நகரின் பெருந்தீயில் வீடிழந்தோர்க்கு ஈந்தனர். லேவியராகமத்திற் கூறிய விடுதலையாண்டை நினைந்து 'யூபிலி பாடகர்' எனப் பெயர் பெற்ற அவர்கள் ஈட்டிய பொருளால் 1876-இல் யூபிலி மண்டபம் எழுந்தது. ஒரு கல்லூரியைப் பாட்டுக் காத்தது என்பது இங்கே உவமையன்று, கணக்கு.

அதே நகரில் ரைமன் மண்டபமும் உண்டு. சுவிசேஷப் பிரசங்கம் கேட்டு மனந்திரும்பிய கப்பல் தலைவர் ஒருவரின் முயற்சியால் 1892-இல் ஜெபக்கூடமாக முடிந்த அது, 1943 முதல் 1974 வரை நாட்டுப்புறச் சங்கீத ரேடியோ அரங்காக விளங்கிற்று.

இனிப் பாளையமிறங்குதலைப் பற்றிச் சொல்வோம். சாலையோரத்தில் மெரிவெதர் லூயிஸ், ஜெப் பஸ்பி, ராக்கி ஸ்பிரிங்ஸ் என மூன்று கூடாரத் துறைகள் அமைக்கப்பட்டன. தேச சஞ்சாரியான லூயிஸ் 1809-இல் இறந்து அடக்கம்பண்ணப்பட்ட இடம் முதலாவது. இவை மின்சார வசதியும் வெந்நீர்க் குளியலும் இல்லாத எளிய துறைகள். அதனால் நட்டமில்லை. பகலெல்லாம் பாட்டுக் கேட்ட செவிக்கு இரவில் அமைதி வேண்டும்; கேட்டவற்றை மறுபடி தாமே பாடிப் பார்க்கவும் குழந்தைகட்கு அதுவே தருணம்.

அடுத்து, சாலையினின்று சற்றே விலகினால் அலபாமாவிலுள்ள பிளாரன்ஸ். 'புளூஸ்' என்னும் சோகப்பாட்டு வகையை ஏட்டிலெழுதிப் பரப்பிய வில்லியம் ஹேண்டி 1873-இல் இங்கே பிறந்தார். சிறுவயதிற் காசு சேர்த்து ஒரு கித்தார் வாங்கினார். குருவானவராகிய தந்தை அதனைப் பாவக்கருவி எனக் கடிந்து, கடைக்குத் திருப்பியனுப்பி, ஓர் அகராதியை மாற்றி வாங்கச் செய்தார். தந்தை மகனின் நன்மையையே நாடினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மகனை உலகறியச் செய்தது அவர் விலக்கிய இசையே. 1914-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற பாட்டு இயற்றப்பட்ட பியானோ இன்று அவர் பெயரிலுள்ள காட்சிசாலையிற் காக்கப்படுகின்றது.

மிசிசிப்பியிலுள்ள டூப்பிலோவில், எல்விஸ் பிரெஸ்லி 1935-இல் பிறந்த இரண்டறை வீடு நிற்கின்றது. தந்தை 180 டாலர் கடன்பட்டுக் கட்டியது அது. இங்கும் ஒரு கித்தார் கதை உண்டு. 1946-இல் அதனை வாங்கித் தந்தவர் தாய்.

முடிவில் நாச்செஸ். இங்கே பிள்ளைகளிடம் பேசப் பெற்றோர்க்குச் சொல் தடுமாறும். ஊரின் எல்லையில் சாலைகள் கூடுமிடத்தில் பெரிய அடிமைச் சந்தை ஒன்று இருந்தது. விலங்கிடப்பட்ட மக்களை வியாபாரிகள் நடத்தி வந்த வழிகளுள் இந்த டிரேசும் ஒன்று. நாம் மரநிழலில் இன்புற்று வந்த பாதையே அது! 1863-இல் வடநாட்டுச் சேனை ஊரைக் கைப்பற்றியபின் சந்தை ஒழிந்தது. அவ்விடத்தில் இன்று விலங்குகள் சிமெண்டுத் தரையிற் பதிக்கப்பட்டுள்ளன.

யூபிலி பாடகருள் ஒருவரான எலா ஷெப்பர்டு, குழந்தையாயிருந்தபோதே தாயைப் பிரிந்தவர். தாயை எஜமானர் இம்மிசிசிப்பி நாட்டிற்கே கொண்டுபோயினர். விடுதலைக்குப் பின்னரே மகள் தாயைக் கண்டு தன்னோடு வைத்துக்கொண்டாள். குடும்பத்தோடு ஒரே வண்டியிற் செல்லும் நாம், குடும்பங்கள் பிரிக்கப்பட்ட வழியிற் செல்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

ஆகவே மாணவ நண்பர்களே, ஒரு பாட்டைக் கேட்டு இழிந்ததென ஒதுக்குமுன், அதனைப் பாடியவர் யார், எந்நிலையிற் பாடினர் என்று வினவுவோமாக. பிஸ்க் மாணவர் நாணத்தை வென்று வாய் திறவாதிருப்பின், அக்கல்லூரியும் நின்றிராது. அப்பாட்டுகளும் நமக்கு எட்டியிரா.