மன்றாடுவது கெஞ்சுவதா, வாதாடுவதா? பழவேற்காட்டில் வாழும் ஒரு சொல்

'ஒரு நாள் லீவுக்கு மேனேஜர்கிட்ட மன்றாட வேண்டியிருக்கு.' இன்று மன்றாடுவது என்றால் கெஞ்சுவது. ஆனா, சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கதையே வேற.

மன்று + ஆடு = மன்றாடு. மன்று என்பது ஊர் கூடும் பொது இடம். வழக்கு பேசித் தீர்த்த இடமும் அதுதான். நீதிமன்றம், சட்டமன்றம், ஏன், ரசிகர் மன்றத்தில்கூட இருப்பது இந்த மன்றுதான். சொல்லாடு, வாதாடு, வழக்காடு வரிசையில் வரும் 'ஆடு' இது. ஆக, மன்றாடுதல் என்பது சபையில் நின்று தன் வழக்கைப் பேசுவது. (சோழர் கல்வெட்டுகளில் வரும் 'மன்றாடி' வேற ஆள். கோயில் விளக்குக்கு நெய் அளந்த இடையர்.)

பழவேற்காட்டில் இரண்டு பொருளுமே உயிரோடு இருக்கின்றன. போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம் உள்ள ஊர் இது. கத்தோலிக்கர்களின் 'கிருபை தயாபத்து' ஜெபம், மாதாவை 'மன்றாடுகிற தாய்' என்கிறது. லத்தீன் மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'அட்வகாட்டா'. அதாவது, நமக்காகப் பேசும் வக்கீல்! மொழிபெயர்த்தவர் கெஞ்சலை மட்டும் நினைத்து அந்தச் சொல்லைப் போட்டதாகத் தெரியவில்லை.

மன்றும் இங்கே இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரிப்பதுதான் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மீனவர்களிடம் இருக்கும் வழக்கம் இது. பாட்டில் தகராறு வந்தால் ஊர்க்கூட்டம்தான். அங்கே எழுந்து நிற்பவர் கெஞ்சுவதில்லை, தன் பங்கைக் கேட்கிறார். அதே ஆள் அரசு அலுவலகத்துக்கு மனு எழுதினால், 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் முடிக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் உள்ள காட்டுப்பள்ளி துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தபோது, கரை அரிக்கும், மீன்பிடி போகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்களுக்கு, 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கே பேசுவதை அதிகாரிகள் பதிவு செய்யணும். எழும் கேள்விகளுக்கு நிறுவனம் பதில் சொல்லணும். கிட்டத்தட்ட பழைய மன்று மாதிரியேதான்.

காட்டுப்பள்ளிக்கான அந்தக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22 என்று தேதி குறித்தார்கள். பிறகு 2023 செப்டம்பர் 5. இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது.