ஆளில்லா மலைகளில் சைக்கிள் பிரயாணம்

ஸ்பெயின் தேசம் என்றவுடன் எருதுச் சண்டையும், கிதார் வாத்தியமும், மாட்ரிட், பார்சிலோனா முதலிய மாநகரங்களுமே நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அத்தேசத்தின் உட்புறத்தில் வேறொரு ஸ்பெயின் இருக்கிறது. சைக்கிளில் தன்னந்தனியாகப் போகிறவனுக்கே அதன் உண்மை நிலை புலப்படும். ஏனெனில், அவனுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். பொழுது சாய்ந்தால் படுக்க இடம் வேண்டும். சக்கரம் பழுதானால் உதவிக்கு ஒரு மனிதன் வேண்டும்.

இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் தெருவேல் மாகாணத்தில் எளிதில் கிட்டாத வஸ்து. பெயரில் தெருவும் இருக்கிறது, வேலும் இருக்கிறது, ஆட்களுக்குத்தான் பஞ்சம்! வாலென்சியா நகருக்கு வடமேற்கே உள்ள இம்மலைப் பிரதேசத்தின் விஸ்தீரணம் சுமார் 14,800 சதுர கிலோமீட்டர். 1900-ம் வருஷத்தில் இங்கே சுமார் இரண்டரை லட்சம் ஜனங்கள் வசித்தார்கள். இன்றோ ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று அதிகம். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர் என்று கணக்காகிறது.

கடலோரச் சமவெளியிலிருந்து தெருவேலுக்குப் போக ஓர் அருமையான பாதை உண்டு. ஓஹோஸ் நேக்ரோஸ் சுரங்கத்தின் இரும்புத் தாதுவைச் சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுவர 1907-ல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். 1972-ல் அது கைவிடப்பட்டது. பின்னர் தண்டவாளம் இருந்த வழியைச் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். அதன் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். பாரவண்டிகளுக்காக அமைத்த பாதையானதால், ஏற்றம் கொஞ்சங் கொஞ்சமாகவே வருகிறது. குகைகளையும் பாலங்களையும் கடந்து, 1,200 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டோம் என்பதைக் குளிர்ந்த காற்றுதான் தெரிவிக்கும்.

தெருவேலுக்கு மேற்கே செந்நிற வீடுகள் நிறைந்த அல்பராஸின் என்னும் புராதன ஊர் இருக்கிறது. அதற்கப்பால் உள்ள மலைகளில் ஓர் அதிசயம். அங்கே பிறக்கும் குவாதலவியார் நதி, தூரியா என்று பெயர் மாறி, கிழக்கே மத்தியதரைக் கடலை அடைகிறது. அதே மலைகளில் உற்பத்தியாகும் தாகோ நதியோ, மேற்கே ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, லிஸ்பன் நகரருகே அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கிறது. குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கலமோச்சா என்ற ஊரில் 1963 டிசம்பரில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி காட்டியது. பிரயாணத்துக்கு ஏற்ற காலம் மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே.

இனி, கிராமங்களைப் பார்ப்போம். ஊர் நடுவே கல்லாலான நீரூற்று. அதில் இரவும் பகலும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அருகே மாதாகோவில். வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும். பல ஊர்களில் கடையே கிடையாது. ரொட்டிக்காரனின் மோட்டார் வண்டி குறித்த நாளில் வந்து ஊதுகுழலை அலற வைக்கும். கிழவர்களும் கிழவிகளும் பையுடன் வெளியே வருவார்கள். 'பார்' என்ற கடை ஒன்று இருந்தால் அந்த ஊர் பாக்கியம் செய்தது. அதை வெறும் மதுக்கடை என்று எண்ணிவிடக் கூடாது. காப்பி, சாப்பாடு, பத்திரிகை, ஊர்வம்பு எல்லாம் அங்கேதான். ஆகஸ்டு மாதத்துத் திருவிழாவுக்குப் பட்டணம் போனவர்கள் பிள்ளைகுட்டிகளுடன் திரும்புவார்கள். ஊர் கலகலவென்று இருக்கும். செப்டம்பரில் மறுபடியும் பூட்டு!

இப்படியானதற்குக் காரணம் யுத்தமோ பஞ்சமோ மட்டுமல்ல. 1950-க்கும் 1975-க்கும் இடையே வயலில் டிராக்டர் வந்தது. பட்டணத்தில் தொழிற்சாலை வந்தது. வாலிபர்கள் வாலென்சியா, பார்சிலோனா, மாட்ரிட் என்று புறப்பட்டுப் போனார்கள். ஆள் குறைந்ததும் பள்ளிக்கூடம் மூடிற்று. பள்ளிக்கூடம் மூடியதும் மிச்சமிருந்த குடும்பங்களும் கிளம்பின.

ஆனால் எஞ்சியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1999-ல் 'தெருவேலும் இருக்கிறது' என்று பொருள்படும் பெயருடன் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ரயிலும், சாலையும், வைத்தியரும் வேண்டுமென்று கேட்டார்கள். 2019 மார்ச் 31-ல் பல மாகாணங்களின் கிராமவாசிகள் மாட்ரிட் நகரில் திரண்டு ஊர்வலம் நடத்தினார்கள். அதே வருஷம் நவம்பரில் அவ்வியக்கம் பிரதிநிதிகள் சபையில் ஒரு ஸ்தானம் பெற்றது. 2020 ஜனவரியில் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுத்தபோது, 167-க்கு 165 என்ற கணக்கில் அந்த ஒரு வோட்டுக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்கள்! 2023 தேர்தலில் அந்த ஸ்தானம் கை நழுவிவிட்டது, கோரிக்கை நிற்கவில்லை.

இதே பிரதேசத்தில் 'மொந்தானியாஸ் வாஸியாஸ்', அதாவது 'ஆளில்லா மலைகள்' என்று, தெருவேலில் புறப்பட்டுத் தெருவேலுக்கே திரும்பும் நீண்ட சைக்கிள் வழி ஒன்றையும் வகுத்திருக்கிறார்கள். அவ்வழியே செல்கிறவன் தன் மூட்டையில் எல்லாவற்றையும் பட்டணத்திலேயே கட்டிக்கொண்டு போவது நியாயமல்ல. கிராமத்துப் பாரில் காப்பி குடிக்கட்டும். அங்குள்ள விடுதியில் ஓர் இரவு தங்கட்டும். அவன் கொடுக்கும் காசு சொற்பந்தான். எனினும் அந்தக் கடை திறந்திருக்கும் வரையில், பின்னால் வருகிறவனுக்கு வழி சொல்ல ஊரில் ஓர் ஆள் இருப்பான்.