கறுப்பாகவே நிற்கும் இரண்டாவது திரை

உன்னிச்சையில் மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர் ஒருவர் லினக்ஸ் இயங்கும் தன் பழைய லெப்டொப்பை ரீவியோடு இணைத்து மாணவர்களுக்கு இதயத்தின் குறுக்குவெட்டைக் காட்டப் பார்த்தார். வயரைச் செருகியும் ரீவி கறுப்பாகவே நின்றது. “சேர், வயர் பழுதாக்கும்” என்றான் முன்னால் இருந்த பையன். வயரை மாற்றியும் பலனில்லை. மறுநாள் வலையிறவுப் பாலம் தாண்டி நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார். லினக்ஸை அழித்து வின்டோஸ் போட்டால்தான் சரிவரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அது வீண் செலவு. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 ஏற்காத பழைய லெப்டொப்புக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் தருவது லினக்ஸ்தான். அதை ஒரு கறுப்புத் திரைக்காகக் கைவிடக் கூடாது.

பல லெப்டொப்புகளில் படம் வரையும் சிப் இரண்டு இருக்கும். ஒன்று இன்டெல் புரோசசருக்குள்ளேயே இருப்பது. பற்றரியை அதிகம் தின்னாது. மற்றது கனமான வேலைக்கான என்விடியா சிப். தேவையைப் பார்த்து இரண்டையும் மாற்றி இயக்கும் ‘ஒப்டிமஸ்’ ஏற்பாட்டை என்விடியா 2010இல் கொண்டுவந்தது. லெப்டொப்பின் சொந்தத் திரை பெரும்பாலும் இன்டெலோடு இணைந்திருக்கும். ரீவி வயரைச் செருகும் எச்.டி.எம்.ஐ துளை எதோடு இணைந்தது என்பது தயாரித்தவர் வைத்த வழி. வெளியே பார்த்தால் தெரியாது. குளம் முட்ட நிறைந்திருந்தாலும் நம் வாய்க்காலின் துருசு திறக்காவிட்டால் வயல் காயும். உன்னிச்சைக் குளத்தை நம்பி வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. என்விடியா சிப் தூங்கினால் அதோடு இணைந்த துளையும் தூங்கும்.

ஆகவே முதலில் துளை யாருடையது என்று பாருங்கள். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் கணினியின் உறுப்புகள் பட்டியலாக வரும். என்விடியாவின் பெயருக்கு முன்னால் ‘3டி கொன்ட்ரோலர்’ என்றிருந்தால் அந்தச் சிப்புக்கு வெளியே போகும் வழியே பெரும்பாலும் கிடையாது, துளை இன்டெலுடையது. இன்டெல் சிப்பை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் லினக்ஸின் கருவான கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது, புதிதாக எதையும் போட வேண்டாம். வயரையும் ரீவியில் தெரிந்தெடுத்த இன்புட்டையும்தான் சோதிக்க வேண்டும். என்விடியாவின் பெயருக்கு முன்னால் ‘விஜிஏ’ என்றிருந்தால் துளை என்விடியாவுடையதாக இருக்கலாம்.

அப்படியானால் ட்ரைவரை, உங்கள் லினக்ஸ் உபுண்டு என்றால் ‘அடிஷனல் ட்ரைவர்ஸ்’ வழியாகவும் மின்ட் என்றால் ‘ட்ரைவர் மனேஜர்’ வழியாகவும் மட்டும் போடுங்கள். என்விடியா தளத்திலிருந்து தனியே இறக்கிப் போட்டது கேர்னல் புதுப்பிக்கும்போது அறுந்துபோகக்கூடும். இறக்கியதோ சில நூறு எம்.பி, காசு கொடுத்து வாங்கிய டேட்டா.

அதிகம் பேர் இடறுவது இதற்குப் பிறகுதான். ‘செக்கியூர் பூட்’ இயங்கும் கணினி, தான் அறியாத கையொப்பமுள்ள ட்ரைவரை உள்ளே விடாது. அதனால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கக்கூடும். கேட்டால், மறுபடி தொடங்கியதும் நீலத் திரை ஒன்று 10 விநாடி மட்டும் காத்திருக்கும். அதில் ‘என்ரோல் மொக்’ என்பதைத் தெரிந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். ஏதோ பிழை என்று பயந்து கடந்துவிட்டால், ட்ரைவர் வட்டில் இருக்கும், வேலை செய்யாது.

மிகப் பழைய சிப்புகளுக்கு என்விடியா ட்ரைவர் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. அவற்றுக்கு, தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையை ஆராய்ந்து எழுதிய ‘நுவோ’ கைகொடுக்கும். இந்த உழைப்பின் பெறுமதி பெரிது, ஏனெனில் என்விடியாவின் ஒத்துழைப்பு நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் ஒப்டிமஸ் பற்றி ஒருவர் கேட்டபோது, லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை மேடையிலேயே கடுமையாகச் சாடினார். தன் கேர்னல் ட்ரைவரின் மூலநிரலை அந்த நிறுவனம் திறந்தது 2022 மே மாதத்தில்தான், அதுவும் 2018இல் வந்த தலைமுறையிலிருந்தான சிப்புகளுக்கு மட்டும்.

நாங்கள் பார்த்தபோது ஆசிரியரின் லெப்டொப்பில் ட்ரைவர் சரியாகவே இருந்தது. பற்றரியை மிச்சம் பிடிக்க யாரோ என்விடியா அமைப்பில் ‘இன்டெல் மட்டும்’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். ‘ஒன் டிமான்ட்’ என்று திருப்பி, மறுபடி தொடங்கினோம். வின்டோஸ் சின்னமுள்ள விசையோடு ‘பி’யை அழுத்தியதும் ரீவியில் இதயத்தின் நான்கு அறைகளும் வந்தன.